காதடியில் வலியில்லாத கட்டி: உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளைக் கண்டறிவதும் சிகிச்சையும்

கேட்கப்பட்டது இது: 42 வயதுப் பெண் ஒருவருக்கு இடது காது மடலுக்குக் கீழே ஓராண்டாக வலியில்லாத ஒரு கட்டி இருக்கிறது, அளவு ஏறத்தாழ 2.5 செ.மீ. ஊசிப் பரிசோதனையில் ‘பிளியோமார்ஃபிக் அடினோமா, புற்றுநோய் அல்ல’ என்று, அதாவது உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் ஒரு புற்றல்லாத கட்டி என்று, முடிவு வந்திருக்கிறது. ஆனாலும் மருத்துவர் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார். புற்றுநோய் இல்லாதபோது எதற்கு அறுவை, ஒரு துண்டை வெட்டிப் பரிசோதித்து உறுதி செய்துகொள்ளக் கூடாதா, முகத்தை அசைக்கும் முகநரம்பைத் தொடாமல் கட்டியை மட்டும் தோண்டி எடுத்துவிட முடியாதா, பிறகு புற்றுநோய் என்று தெரியவந்தால் என்ன செய்வது என்று நான்கு சந்தேகங்களை அவர் எழுப்பியிருக்கிறார்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் சொன்னது சரியான ஆலோசனை. அவசரம் இல்லை, சில வாரங்கள் பொறுத்து, நிதானமாகத் திட்டமிட்டுச் செய்துகொள்ளலாம். ஆனால் உமிழ்நீர்ச் சுரப்பியில் முதல் முறை செய்யப்படும் அறுவைதான் மிகப் பாதுகாப்பான அறுவை. அது அரைகுறையாக நடந்தால், அடுத்து அறுவை செய்பவருக்கு அதே வாய்ப்பு கிடைப்பதில்லை. நான்கு சந்தேகங்களுக்குமான விடை பெரும்பாலும் இந்த ஒரு செய்தியிலிருந்துதான் கிளைக்கிறது.

உமிழ்நீரைச் சுரக்கும் பெரிய சுரப்பிகள் மூன்று இணைகள்: காதின் முன்னும் கீழும் படர்ந்திருக்கும் பரோடிட் சுரப்பி, தாடை எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டியுள்ள தாடைக்கீழ்ச் சுரப்பி, நாக்கின் அடியில் வாயின் தரைப்பகுதியில் உள்ள நாவடிச் சுரப்பி. இவை தவிர உதடு, கன்னத்தின் உட்புறம், அண்ணம், நாக்கு, தொண்டை எங்கும் 600 முதல் 1000 வரையிலான நுண்சுரப்பிகள் சிதறிக் கிடக்கின்றன. கட்டிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு பரோடிட்டில்தான் வருகின்றன. அங்கே வருபவற்றில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் புற்றல்லாதவை. தாடைக்கீழ்ச் சுரப்பிக்கு வந்தால் இந்தக் கணக்கு மாறுகிறது: அங்கே பாதிக்கு நெருக்கமானவை புற்றுநோய். நுண்சுரப்பிகளில் அந்த விகிதம் பாதியைத் தாண்டுகிறது. நாவடிச் சுரப்பியில் வரும் கட்டிகள் அரிது, வந்தால் பெரும்பாலும் புற்றுநோயே. சுரப்பி சிறிதாகச் சிறிதாக ஐயம் பெரிதாக வேண்டும் என்று இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் மக்கள் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறார்கள். கன்னத்தில் எல்லார் கண்ணுக்கும் படும் பெரிய கட்டிக்கு உடனே மருத்துவரிடம் ஓடுகிறார்கள்; மேலண்ணத்தில் நாக்குக்குத் தட்டுப்படும் சின்னஞ்சிறு வீக்கத்தை, மேல் தோல் வழவழப்பாக இருக்கிறது, வலியும் இல்லை என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவதுதான் அதிகக் கவலைக்குரியது.

சுரப்பி வீங்கியதெல்லாம் கட்டியும் அல்ல. சாப்பிடும்போது வீங்கி, வலித்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்துபோனால் அது பெரும்பாலும் நாளத்தில் அடைத்துக்கொண்ட கல். இரு பக்கமும் ஒரே மாதிரி, மென்மையாக, வலியின்றிப் பருத்திருந்தால் நீரிழிவு, மதுப்பழக்கம், ஊட்டக் குறைபாடு முதலியவற்றைத் தேட வேண்டும். கண்ணும் வாயும் வறண்டு இரு சுரப்பிகளும் வீங்குவது, உடலின் எதிர்ப்பாற்றலே சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரென் நோயாக இருக்கலாம். அந்த நோய் பல ஆண்டுகள் உள்ளவருக்கு ஒரு பக்கச் சுரப்பி மட்டும் கெட்டிப்பட்டு வளரத் தொடங்கினால் லிம்ஃபோமா என்ற நிணநீர்த் திசுப் புற்றுநோயை நினைத்தாக வேண்டும். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு பரோடிட்டில் நீர்க்கட்டிகள் உண்டாகின்றன. இன்னொரு நுட்பமும் உண்டு: பரோடிட்டின் உள்ளேயே நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. எனவே காசநோயும் அங்கே கட்டியாகத் தோன்றலாம். உச்சந்தலை, நெற்றி, காது ஆகியவற்றின் தோலில் வந்த புற்றுநோய் அங்கே வந்து தங்கவும் செய்யலாம். காதடியில் கட்டி என்று வருகிறவரின் தலைமுடியை விலக்கித் தோலைப் பார்க்காத பரிசோதனை முழுமையானதல்ல.

பரிசோதனையில் முதலில் கவனிக்க வேண்டியது முகத்தின் அசைவு. நெற்றியைச் சுருக்கவும், கண்ணை இறுக மூடவும், பல்லைக் காட்டவும் சொல்லி இரு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். முகநரம்பு காதின் பின்புற எலும்பிலிருந்து வெளியே வந்து, பரோடிட்டுக்குள் புகுந்து, நெற்றி, கண், கன்னம், கீழுதடு, கழுத்து என ஐந்து முக்கியக் கிளைகளாகப் பிரிகிறது. புற்றல்லாத கட்டி எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் இந்த நரம்பை ஒதுக்கித் தள்ளுமே தவிர, செயலிழக்கச் செய்வது மிக மிக அரிது. ஆகவே கட்டியும் முகவாதமும் சேர்ந்து வந்தால், வேறு காரணம் நிறுவப்படும் வரை அதைப் புற்றுநோயாகவே கருதிச் செயல்பட வேண்டும். இதை ஒட்டி ஒரு கிளைச்செய்தி: முகம் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும் பெல்ஸ் வாதம் திடீரென்று ஒன்றிரண்டு நாட்களில் முற்றி, பிறகு வாரங்களில் தேறத் தொடங்கும். வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போகும் முகவாதம், மூன்று நான்கு மாதமாகியும் துளியும் தேறாத முகவாதம், ஒரே பக்கத்தில் மறுபடி வரும் முகவாதம் ஆகிய மூன்றும் பெல்ஸ் வாதம் என்ற பெயருக்குள் அடங்குபவை அல்ல. பரோடிட்டின் ஆழத்தில் கைக்குத் தட்டுப்படாத கட்டி ஒன்று இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும்.

தொடர்ச்சியான வலி, தோலோடு அல்லது ஆழத்திலுள்ள தசையோடு ஒட்டிக்கொண்டு நகராமை, திடீர் வளர்ச்சி, மேல்தோல் புண்ணாதல், கழுத்தில் நெறிகட்டுதல், முகத்தில் மரத்துப்போதல், வாயை முழுதாகத் திறக்க முடியாமை ஆகியவையும் எச்சரிக்கைக் குறிகளே. ஆனால் இவை எதுவுமே இல்லை என்பது நற்சான்று ஆகாது. குறைந்த வீரியமுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்கள் பல ஆண்டுகள் வலியின்றி, மெல்ல நகரும் உருண்டையாகவே இருந்துவிடுகின்றன. ‘பத்து வருஷமா இப்படியேதான் இருக்கு’ என்பது ஆறுதல் அளிக்கும் வரலாறு என்று பலர் நினைக்கிறார்கள். இந்தச் சுரப்பியைப் பொறுத்தவரை அது அப்படியல்ல. வாய்க்குள் பார்ப்பதும் அவசியம். பரோடிட்டின் ஆழ்பகுதியில் வளரும் கட்டி, வெளியே அதிகம் தெரியாமல், ஒரு பக்கத்து டான்சிலை உள்நோக்கித் தள்ளிக்கொண்டு வரும்.

அல்ட்ராசவுண்ட் எளிய முதல் படி. கட்டி சுரப்பிக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா, திண்மமா நீரா, கழுத்து முடிச்சுகள் எப்படி இருக்கின்றன என்பவற்றை அது சொல்லும். ஊசியைச் சரியான இடத்தில் செலுத்தவும் உதவும். தாடை எலும்பின் மறைவில் உள்ள ஆழ்பகுதியை மட்டும் அதனால் பார்க்க இயலாது. கட்டி பெரிதாக, ஆழமாக, நகராததாக இருந்தாலோ, புற்றுநோய் ஐயம் இருந்தாலோ, அண்ணத்தில் இருந்தாலோ, ஒருமுறை எடுத்த பிறகு மீண்டும் வந்திருந்தாலோ எம்.ஆர்.ஐ. தேவை. பிளியோமார்ஃபிக் அடினோமா எம்.ஆர்.ஐ.யில் டி2 எனப்படும் வகைப் படங்களில் பெரும்பாலும் பளிச்சென்று, மேடுபள்ளமான ஓரத்தோடு தெரியும். புற்றுநோய் ஐயமுள்ளபோது மருந்து செலுத்தி எடுக்கும் படம் கபாலத்தின் அடித்தளம் வரை நீள வேண்டும். ஏனென்றால் இந்த வகைப் புற்றுநோய்களில் சில நரம்பின் வழியே ஊர்ந்து, கட்டியிலிருந்து வெகு தூரம் சென்று, மூளைக்குச் செல்லும் துளைகள் வரை எட்டிவிடும். சுரப்பியோடு படத்தை நிறுத்திக்கொண்டால் அந்தத் தடம் கண்ணுக்குப் படாமலே போகும். எலும்பின் பாதிப்பையும் நுரையீரலையும் பார்க்க சி.டி. ஏற்றது. செல்கள் சர்க்கரையை உறிஞ்சும் அளவைக் காட்டும் பெட் ஸ்கேனைப் பற்றி ஓர் எச்சரிக்கை: புற்றல்லாத வார்தின் கட்டியும், பல நேரங்களில் பிளியோமார்ஃபிக் அடினோமாவும் அதில் பளீரென ஒளிரும். வேறு நோய்க்காக பெட் எடுத்த ஒருவருக்கு பரோடிட்டில் தற்செயலாக ஓர் ஒளிப்புள்ளி தெரிந்தால், புற்றுநோய் பரவிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஊசிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

இனி ஊசிப் பரிசோதனை. மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிக் கண்ணாடிச் சில்லில் பரப்பிப் பார்ப்பது பாதுகாப்பானது. ஊசி குத்தியதால் கட்டி பரவிவிடும் என்ற அச்சத்துக்கு இந்தச் சுரப்பியில் இடமில்லை என்றே சொல்லலாம். அதன் தன்மையைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம். புற்றுநோய் என்று அது சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். புற்றுநோய் இல்லை என்று சொல்லும்போது அந்த அளவு உறுதி கிடையாது, புற்றுநோய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தப்பிவிடக்கூடும். இதற்குக் காரணம் பார்ப்பவரின் திறமைக்குறைவு மட்டுமல்ல. ஒரே வகைச் செல்கள் புற்றல்லாத கட்டியிலும் புற்றுநோயிலும் அமைந்திருக்கும் விந்தை இந்தச் சுரப்பியில் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது, கட்டி தன் உறையைத் துளைத்துச் சுற்றுத் திசுவுக்குள் நுழைந்திருக்கிறதா என்பதே. ஊசி கொண்டுவரும் சில நூறு செல்களில் உறையின் எல்லை தெரியாது. நீர் நிறைந்த மியூக்கோஎபிடெர்மாய்டு கார்சினோமா என்ற புற்றுநோயில் ஊசி வெறும் சளியை மட்டும் உறிஞ்சிக்கொண்டு வந்து ஏமாற்றுவதும் உண்டு.

இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்த 2018-இல் மிலன் முறை என்ற அறிக்கை வடிவம் வெளியிடப்பட்டது. அதன் இரண்டாம் பதிப்பு 2023-இல் வந்தது. போதிய செல்கள் இல்லை, கட்டியே அல்ல, தீர்மானிக்க இயலாத மாற்றம், கட்டி, புற்றுநோய் ஐயம், புற்றுநோய் என ஆறு வகைகள். நான்காவதான ‘கட்டி’ என்பது இரு கிளைகளாகப் பிரிகிறது: புற்றல்லாதது என்று தெளிவாகத் தெரிவது ஒன்று, கட்டி என்பது உறுதி, ஆனால் புற்றுநோயா இல்லையா என்று சொல்ல முடியாதது இன்னொன்று. முதல் கிளையில் புற்றுநோய்க்கான வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. இரண்டாவதில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. கேள்வி கேட்டவரின் அறிக்கை முதல் கிளையைச் சேர்ந்தது. அது நல்ல செய்தி. வயது, வளர்ந்த விதம், தொட்டால் நகரும் தன்மை, படம் ஆகிய எல்லாமே அதற்கு ஒத்துப்போனால் அந்த முடிவை நம்பித் திட்டமிடலாம். ஏதாவது ஒன்று முரண்பட்டால் அறிக்கையை நம்பாமல் முரண்பாட்டை நம்ப வேண்டும் என்பது என் கருத்து. ஊசியை மீண்டும் குத்தலாம், அல்லது சற்றே பெரிய ஊசியால் மெல்லிய திசுக்கீற்றை எடுக்கலாம்.

ஒரு துண்டை வெட்டிப் பார்க்கலாமே என்ற கேள்விக்கு வருகிறேன். பரோடிட்டிலும் தாடைக்கீழ்ச் சுரப்பியிலும் தோலைத் திறந்து கட்டியில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது பொதுவாகத் தவிர்க்கப்பட வேண்டியது. உறை கிழிந்து செல்கள் சுற்றிலும் சிந்தும். நரம்பு எங்கே ஓடுகிறது என்று பார்க்காமலே கத்தி வைக்க நேரும். பின்னால் முறையான அறுவை செய்யும்போது தழும்பில் எல்லாம் ஒட்டிக்கொண்டு, நரம்பும் கட்டியும் பிரித்தறிய முடியாதபடி ஆகிவிடும். ஐயம் நீடித்தால், சுரப்பியின் ஒரு பகுதியோடு கட்டியை முழுதாக எடுப்பதே பரிசோதனையும் சிகிச்சையும் ஆகிவிடுகிறது. விதிவிலக்குகள் உண்டு: அண்ணம், உதடு போன்ற இடங்களில் உள்ள நுண்சுரப்பிக் கட்டிக்கு நேரடியாகத் துண்டு எடுப்பதே முறை, தோலைத் துளைத்துப் புண்ணாகிவிட்ட கட்டியிலும், லிம்ஃபோமா என்று ஐயுறும்போதும் அப்படியே.

புற்றல்லாததை எதற்கு எடுக்க வேண்டும்? பிளியோமார்ஃபிக் அடினோமா தானாகக் கரைவதில்லை, மருந்தாலும் கரையாது. மெதுவாக வளர்ந்துகொண்டே போகும். வளர வளர நரம்பின் கிளைகள் அதன் மேல் இழுபட்டு மெலிகின்றன. ஆகவே இன்று எளிதாக இருக்கும் அறுவை பிற்பாடு கடினமாகிறது. அதைவிட முக்கியமானது, நீண்ட காலம் விட்டுவைத்த கட்டிகளில் ஒரு பகுதி புற்றுநோயாக மாறுகிறது. பொதுவாக எடுத்துக்காட்டப்படும் கணிப்பின்படி முதல் ஐந்து ஆண்டுகளில் இது 1.5 விழுக்காடு, 15 ஆண்டுகளுக்கு மேல் விட்டுவைத்தால் 10 விழுக்காட்டை நெருங்குகிறது. அப்படி மாறிய புற்றுநோய் பெரும்பாலும் வீரியம் மிக்கது. ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்த கட்டி திடீரென்று சில வாரங்களில் பெருக்கும் காட்சி அதற்கே உரியது. 42 வயதில் ஒருவருக்கு முன்னால் பல பத்தாண்டுகள் இருக்கின்றன. 85 வயதில், இதய நோயோடு இருப்பவருக்கு அதே கட்டி என்றால் கண்காணிப்போடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை.

வார்தின் கட்டியின் கதை வேறு. பரோடிட்டின் புற்றல்லாத கட்டிகளில் இரண்டாம் இடத்தில் இருப்பது இது. புகைபிடிப்பவர்களுக்கே பெரும்பாலும் வருகிறது, சிலருக்கு இரு பக்கமும் வருகிறது. இது புற்றுநோயாக மாறுவது மிக அரிது. ஊசிப் பரிசோதனையும் படமும் ஐயத்துக்கு இடமின்றி வார்தின் என்று காட்டி, தொந்தரவும் இல்லையென்றால், ஆண்டுக்கொரு முறை அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டு அப்படியே விட்டுவிடலாம். எல்லாக் கட்டியையும் எடுத்தே தீர வேண்டும் என்ற பழைய பிடிவாதம் இதில் தளர்ந்திருப்பது நல்லதே.

கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் நரம்புக்கு ஆபத்து குறையும் என்று தோன்றுவது இயல்பு. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அறுவை மருத்துவர்களும் அப்படியே நினைத்துச் செய்தார்கள்; உறையைக் கீறி, உள்ளிருப்பதை வழித்து எடுத்தார்கள். அவ்வாறு எடுத்தவர்களில் 20 முதல் 45 விழுக்காட்டினருக்குக் கட்டி மீண்டும் வந்தது. காரணம் உறையின் அமைப்பில் இருக்கிறது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் அந்த உறை சில இடங்களில் மிக மெல்லியது, சில இடங்களில் அறவே இல்லாதது. விரல்கள் போன்ற நீட்சிகள் அதைக் கடந்து வெளியே துருத்தி நிற்கும். தோண்டும்போது அவை அறுந்து குழியிலேயே தங்கிவிடும். பின்னர் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்துக்கூட, ஒன்றாக இல்லாமல் தழும்பெங்கும் பலப்பல மணிகளாக முளைக்கும். அந்த இரண்டாவது அறுவையில்தான் முகநரம்பு உண்மையான ஆபத்தில் சிக்குகிறது. நரம்பைக் காப்பதாக நினைத்துச் செய்யும் தோண்டல், கடைசியில் நரம்பையே பலியாக்குகிறது. சுற்றிலும் நல்ல சுரப்பித் திசுவின் ஒரு படலத்தோடு கட்டியை எடுத்தால் மீண்டும் வருவது சில விழுக்காடுகளோடு நின்றுவிடுகிறது.

அதைச் செய்யும் வழிகள் சில உண்டு. நரம்பின் தண்டை முதலில் கண்டறிந்து, கிளைகளைப் பின்தொடர்ந்து, அவற்றுக்கு மேலுள்ள சுரப்பிப் பகுதி முழுவதையும் எடுப்பது மேல்பரப்பு பரோடிட் அறுவை. கட்டியைச் சூழ்ந்த கிளைகளை மட்டும் பிரித்து, தேவையான பகுதியை எடுப்பது பகுதி அறுவை. இன்று பெரும்பாலான கட்டிகளுக்கு இதுவே போதும். மேலோட்டமாக, சிறியதாக, நன்கு நகரும் கட்டிகளில், உறைக்கு வெளியே திசுப்படலத்தோடு பிரித்தெடுக்கும் நுட்பமும் பயிற்சி பெற்ற கைகளில் நல்ல பலன் தருகிறது. இதைப் பழைய தோண்டலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், கத்தி உறையின் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதில் முழு வேறுபாடும் அடங்கியிருக்கிறது. கீறல் காதின் முன் மடிப்பில் தொடங்கி, மடலின் கீழ் வளைந்து, கழுத்துக்கோ பின்தலை மயிர்க்காலுக்கோ செல்லும்; ஓராண்டில் பெரும்பாலும் மறைந்துவிடும். நரம்பின் மின்னசைவைக் கண்காணிக்கும் கருவி இன்று பரவலாகப் பயன்படுகிறது. அது உதவி செய்யும் கருவிதான். நரம்பின் இருப்பிடத்தை அறிந்த கைக்கு அது மாற்று ஆகாது. அறுவைக்கு முன் மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க முடியுமென்றால், கருவி இருக்கிறதா என்பதைவிட, இந்த அறுவையை வழக்கமாகச் செய்கிறாரா என்று கேட்பேன்.

பக்க விளைவுகளை மறைப்பதில் பயனில்லை. நரம்பு முழுதாக இருந்தாலும், தொட்டு விலக்கியதால் உண்டாகும் தற்காலிகத் தளர்ச்சி நாலில் ஒருவர் அளவுக்கோ அதற்குச் சற்று மேலோ ஏற்படுகிறது. பெரும்பாலும் கீழுதட்டின் ஓரம் இறங்காமல் இருக்கும். வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், சரியாகிவிடும். புற்றல்லாத கட்டிக்கான முதல் அறுவையில் நிரந்தர முகவாதம் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. கண்ணை மூட முடியாமல் இருக்கும் காலத்தில் கருவிழி வறண்டு புண்ணாகாமல் சொட்டு மருந்தும் இரவில் களிம்பும் இடுவது கட்டாயம். காது மடல் மரத்துப்போவது பொதுவானது. ஓராண்டுக்குள் ஓரளவு உணர்வு திரும்பும். காயத்தின் கீழ் உமிழ்நீர் தேங்கினால் ஊசியால் உறிஞ்சி அழுத்திக் கட்டினால் போதும். சாப்பிடும்போது கன்னத் தோல் சிவந்து வியர்ப்பது பல மாதங்கள் கழித்துத் தொடங்கலாம். உமிழ்நீரைத் தூண்ட வேண்டிய நரம்பிழைகள் தவறிப்போய் வியர்வைச் சுரப்பிகளோடு இணைந்துகொள்வதால் இது நேர்கிறது. 1923-இல் இதை விரிவாக விளக்கிய போலந்து மருத்துவர் லூசியா ஃப்ரேயின் பெயரால் இது வழங்குகிறது. தொல்லை கொடுத்தால் போட்யூலினம் ஊசி பல மாதங்களுக்கு நிறுத்திவைக்கும். தாடைக்கீழ்ச் சுரப்பியில் கட்டி என்றால் சுரப்பியை முழுதாக எடுப்பதே வழக்கம்; அங்கே கவனிக்க வேண்டியவை கீழுதட்டு நரம்பும், நாக்கின் உணர்வுக்கும் அசைவுக்குமான இரு நரம்புகளும்.

புற்றுநோய் என்று தெரியவந்தால்? இங்கே ‘உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்’ என்ற ஒற்றைப் பெயர் ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றின் குணம் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதபடி வேறுபடும். மிகப் பரவலானது மியூக்கோஎபிடெர்மாய்டு. குழந்தைகளுக்கு வரும் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயிலும் இதுவே முதலிடம். இதன் குறைந்த வீரிய வகை அறுவையோடு முடிந்துவிடும்; உயர் வீரிய வகை கழுத்து முடிச்சுகளுக்குப் பரவும். அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா மெதுவானது, பிடிவாதமானது: நரம்போடு ஊரும், நிணநீர் முடிச்சுக்கு அதிகம் போகாது, ஆனால் நுரையீரலுக்குப் போகும், அதுவும் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும். நாளத்திலிருந்து எழும் உமிழ்நாளப் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயை ஒத்த தோற்றமும் அதற்குரிய வேகமும் கொண்டது. ஆகவே நோயியல் அறிக்கைதான் இங்கே அச்சாணி. இந்தப் புற்றுநோய்கள் தலை, கழுத்துப் புற்றுநோய்களில் ஐந்து விழுக்காடு அளவே என்பதால் எல்லா நோயியல் வல்லுநர்களும் இவற்றை அடிக்கடி பார்ப்பதில்லை. சிகிச்சை தொடங்கும் முன் கண்ணாடிச் சில்லுகளையும் திசுவைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டுகளையும் இந்தத் துறையில் அனுபவமுள்ள இன்னொருவரிடம் காட்டுவதை நான் எப்போதும் வற்புறுத்துவேன். முடிவு மாறினால் சிகிச்சையே மாறும். குறிப்பிட்ட வகைகளுக்கே உரிய மரபணு இணைவுகளைச் சோதிக்கும் வசதி வந்தபின், முன்பு ஊகமாக இருந்த பல அறிக்கைகள் உறுதி பெற்றுள்ளன. சுரப்புக் கார்சினோமா என்ற வகை தனியாக இனங்காணப்பட்டதே 2010-இல்தான்.

சிகிச்சையின் முதன்மை அறுவையே. கட்டியின் அளவு 2 செ.மீ. வரை முதல் நிலை, 4 செ.மீ. வரை இரண்டாம் நிலை. அதற்கு மேலோ, சுரப்பியைத் தாண்டினாலோ மூன்றாம் நிலை. தோல், தாடை எலும்பு, முகநரம்பு ஆகியவற்றைப் பிடித்துவிட்டால் நான்காம் நிலை. நரம்பைப் பொறுத்த கொள்கை தெளிவானது: அறுவைக்கு முன் வேலை செய்த நரம்பை, கட்டி அதைச் சூழ்ந்து இறுக்கியிருந்தாலொழிய, காப்பாற்ற வேண்டும். எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், காது மடலுக்கோ கெண்டைக்காலுக்கோ செல்லும் ஓர் உணர்வு நரம்பை எடுத்து அதே மேசையில் இணைக்கலாம்; அசைவு திரும்ப மாதங்கள் ஆகும், முழுதாகத் திரும்பாது. அதுவரை கண்ணிமையில் சிறு எடை பொருத்திக் கண்ணைக் காக்கலாம். அறுவையின் நடுவே உறைநிலையில் சீவிப் பார்க்கும் விரைவுப் பரிசோதனையை மட்டும் நம்பி, வேலை செய்யும் நரம்பை வெட்டுவது எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. அந்தப் பரிசோதனையும் தவறக்கூடியது, வெட்டிய நரம்போ மீளாது. கழுத்து முடிச்சுகளில் நோய் இருந்தால் அவற்றை அகற்ற வேண்டும். வெளியே தெரியாவிட்டாலும், உயர் வீரிய வகையிலும் முற்றிய நிலையிலும் அதையே செய்வார்கள்.

புற்றல்லாதது என்று எடுத்த கட்டி, இறுதி அறிக்கையில் புற்றுநோய் என்று வருவதும் நடக்கிறது. அது பெரும்பாலும் பேரிடர் அல்ல. குறைந்த வீரியம், சிறிய அளவு, எடுத்த திசுவின் ஓரங்களில் நோயில்லை என்றால் அதோடு கண்காணிப்பு போதும். அதனால்தான் முதல் அறுவையிலேயே நல்ல திசுப் படலத்தோடு எடுப்பது இரட்டை நன்மை. ஓரத்தில் நோய் எஞ்சியிருந்தால் மறு அறுவையோ கதிர்வீச்சோ தேவைப்படும்.

அறுவைக்குப் பின் கதிர்வீச்சு எல்லாருக்கும் அல்ல. உயர் வீரியம், ஓரங்களில் நோய், நரம்பைச் சுற்றிய ஊடுருவல், நிணநீர் முடிச்சில் பரவல், மூன்றாம் நான்காம் நிலை ஆகியவற்றிலும், அடினாய்டு சிஸ்டிக் வகையில் ஏறக்குறைய எப்போதும் அது பரிந்துரைக்கப்படுகிறது. வழக்கமாக 60 முதல் 66 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு), ஆறு வாரங்களுக்குச் சற்று மேல், நாளுக்கொரு முறையாக. அறுவை முடிந்து எட்டு வாரங்களுக்குள் தொடங்குவது நல்லது. தொடங்கும் முன் பல் மருத்துவரைப் பார்த்து, எடுக்க வேண்டிய பற்களை எடுத்துவிட வேண்டும்; கதிர்வீச்சு பெற்ற தாடையில் பின்னர் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழியலாம். அறுவை செய்ய இயலாத கட்டிகளுக்கு நியூட்ரான், கார்பன் அயனி போன்ற கதிர்கள் சில மையங்களில் பயன்படுகின்றன. அறுவைக்குப் பின் கதிர்வீச்சோடு கீமோதெரபியையும் வழக்கமாகச் சேர்ப்பதற்குப் போதிய சான்று இல்லை. ஆய்வுகளுக்கு வெளியே அதை ஒரு பொது விதியாகத் தரக் கூடாது.

பரவிவிட்ட நோயில் மருந்துகளின் நிலை கடந்த பத்தாண்டுகளில் மாறியிருக்கிறது. உமிழ்நாளப் புற்றுநோயில் பெரும்பாலானவற்றில் ஆண் ஹார்மோன் ஏற்பியும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் ஹெர்2 புரதமும் மிகுந்திருக்கும். முன்னதற்கு ஹார்மோன் தடுப்பும், பின்னதற்கு அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தும் பலன் தருகின்றன. சுரப்புக் கார்சினோமாவில் காணப்படும் என்.டி.ஆர்.கே. மரபணு இணைவுக்கு லாரோடிரெக்டினிப், என்டிரெக்டினிப் போன்ற மாத்திரைகள் வியக்கத்தக்க அளவு வேலை செய்கின்றன. ஆகவே பரவிய நோயுள்ளவர் முதலில் கேட்க வேண்டியது, இந்தச் சோதனைகள் செய்யப்பட்டனவா என்பதே. அடினாய்டு சிஸ்டிக் வகை நுரையீரலில் சிறு சிறு புள்ளிகளாகப் பரவியிருந்து, தொந்தரவு இல்லாமல், வளர்ச்சியும் மிக மெதுவாக இருந்தால், மருந்தே தராமல் சில மாதங்களுக்கு ஒரு முறை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதும் முறையான சிகிச்சைத் திட்டமே. கைவிட்டுவிட்டார்கள் என்று உறவினர்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் பல ஆண்டுகள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு வாழ்கிறார்கள், அந்த ஆண்டுகளை மருந்தின் பக்க விளைவுகளில் கழிக்க வேண்டியதில்லை.

கண்காணிப்பு எவ்வளவு காலம் என்பது வகையைப் பொறுத்தது. பெரும்பாலான புற்றுநோய்களில் முதல் இரண்டு ஆண்டுகள் சில மாதங்களுக்கு ஒரு முறையும், பின்னர் இடைவெளி விட்டும் பார்ப்பார்கள். அடினாய்டு சிஸ்டிக் வகைக்கு ஐந்தாண்டு என்ற எல்லைக்கோடு பொருந்தாது, நுரையீரல் உட்பட வாழ்நாள் முழுதும் பார்க்க வேண்டும். கேள்வி கேட்டவருக்கு எதிர்பார்ப்பது பிளியோமார்ஃபிக் அடினோமா என்பதால் அவ்வளவு தேவைப்படாது; ஆனால் அதுவும் தாமதமாகத் திரும்பக்கூடியது என்பதால், அறுவைக் குறிப்பையும் இறுதி நோயியல் அறிக்கையையும் அவர் தம்மிடமே வைத்திருக்க வேண்டும். உறை கிழியாமல் எடுக்கப்பட்டதா, ஓரங்கள் எப்படி இருந்தன என்ற இரண்டு செய்திகளும் அவற்றில் இருக்கும். பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்தத் தழும்பின் கீழ் ஒரு மணி தட்டுப்பட்டால், அப்போது பார்க்கும் மருத்துவருக்கு முதலில் வேண்டியவை அந்த இரண்டு தாள்கள்தான்.